அறுநூறு முடியும் வரை பேச்சில்லை

கோச்சடை
8.9.2024

தம்பி ஜெயக்கொடிக்கு,

'அன்புள்ள' எங்கே என்று தேடாதே. வேண்டுமென்றேதான் போடவில்லை.

நம்ம கருப்பு கோவிலில் சூடத்தை உள்ளங்கையால் அணைத்து நான் செய்த சத்தியம் உனக்கு ஞாபகம் இருக்கும். "அறுநூறு கிலோமீட்டரை ஓட்டி முடிக்கிற வரைக்கும் எந் தம்பிகிட்ட ஒரு சொல்லு பேசமாட்டேன்." அது அப்படியே இருக்கிறது. கடிதமாவது எழுதலாமா என்று போன வெள்ளிக்கிழமை பேயாண்டி பூசாரியிடம் கேட்டேன். தாடியைச் சொறிந்துகொண்டு யோசித்தார். "செல்போன்ல வர்றது, வாட்ஸ்அப்புல வர்றது எல்லாம் பேச்சுக் கணக்குத்தான் தாயி. கடுதாசி வேணா எழுதிக்க. அதைக் கருப்பன் கண்டுக்கிற மாட்டாரு" என்றார். அதனால்தான் இந்தத் தாள். உன் மச்சான் கொண்டுவந்து கொடுப்பார்.

போன பிப்ரவரியில் நீ செய்த காரியத்தை மறந்திருந்தால் நான் ஞாபகப்படுத்துகிறேன். நாற்பது மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டிய அறுநூறில், கன்னியாகுமரி போய்த் திரும்பி, சைக்கிளில் ஐந்நூற்று இருபது கிலோமீட்டர் மிதித்து, வீட்டுக்கு எண்பதுதான் பாக்கி. சாத்தூர்ப் பாலத்தைத் தாண்டினால் துரை நீ காரோடு நிற்கிறாய், கையில் தயிர்சாதம்! முத்திரை வாங்கும் இடம் தவிர வழியில் எவன் கையாலும் எதையும் வாங்கக்கூடாது, வாங்கினால் ரைடு செல்லாது என்று உன்னிடம் நூறு தடவை சொல்லியிருப்பேன். அதோடு விட்டாயா? நான் சாப்பிடுவதைப் படம் பிடித்து 'எங்க அக்காவுக்கு சாத்தூரில் சாப்பாடு' என்று ஊருக்கே போட்டாய். ரைடு நடத்துகிற அருள்பாண்டி அதைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்து, "மன்னிச்சிருங்கக்கா, செல்லாதுக்கா" என்று அழாத குறையாகச் சொன்னார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பழைய சைக்கிள் எனக்குச் சரிப்படாது. அந்த ரைடுக்குப் பிறகு மோதிர விரலும் சுண்டு விரலும் இரண்டு வாரம் மரத்துக் கிடந்தன. ரத்தம் எடுப்பது என் பிழைப்பு. ஆஸ்பத்திரி லேபில் ஊசியோடு நின்றுகொண்டு நரம்பு தட்டுப்படாமல் திருதிருவென்று முழித்தேன். இனி ஒரு தடவை அப்படி ஆனால் ரைடை விட வேண்டியதுதான். அதனால் என் உடம்புக்கென்றே அடியிலிருந்து ஒரு சைக்கிள் செய்ய வேண்டும். அடுத்த அறுநூறு பிப்ரவரி முதல் தேதி.

மதுரையில் வேறு ஆள் கிடைக்கவில்லையா என்று கேட்காதே. விசாரித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

தாமரைச்செல்வி

செல்லூர்
11.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பங்கு அன்பையும் சேர்த்து நானே போட்டுவிட்டேன்.

கடிதத்தை மச்சான் கொடுத்ததும் சைக்கிள் கடையை அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்து படித்தேன். பக்கத்தில் தறி ஓடுகிற சத்தம்கூடக் காதில் விழவில்லை. முத்துப்பேச்சி வந்து, "என்னங்க, மதினி மன்னிச்சிருச்சா?" என்று கேட்டாள். "மன்னிக்கல, ஆர்டர் கொடுத்திருக்கு" என்றேன். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

ஆனால் ஒன்று சொல்லுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. தயிர்சாதம் கொண்டுவந்தது நான்தான். படம் போட்டதும் நான்தான். விரட்டி விட்டிருந்தால் திரும்பிப் போயிருப்பேன். நீ என்ன செய்தாய்? சைக்கிளைச் சாய்த்துவிட்டு அரை டப்பாவைக் காலி செய்தாய். "ஊறுகாய் எங்கடா?" என்று கேட்டது யார்? நானா? கூடப் பிறந்தவள் கண் சொருகி வரும்போது சும்மா கையைக் கட்டிக்கொண்டு நில் என்று எந்த ஊர்ச் சட்டமும் சொல்லாது. சொன்னால் அது சட்டமே இல்லை.

சைக்கிளுக்கு வருவோம். விரல் மரப்பது விரலின் குற்றமில்லை அக்கா. பழைய வண்டி ஆம்பளை அளவு. ஹேண்டில்பார் எட்டத்தில் இருக்கிறது, நீ எட்டிப் பிடிக்கிறாய், உடம்பு பாரம் முழுக்க உள்ளங்கையில் இறங்குகிறது. அலுமினியம் வேண்டாம், கார்பன் வேண்டாம். ஸ்டீல் பிரேம் போடலாம். குண்டுகுழியின் அதிர்ச்சியைக் கொஞ்சம் தானே வாங்கிக்கொள்ளும். பெங்களூரில் ஓர் ஆள் அளவு சொன்னால் அதன்படி பற்றவைத்துத் தருவான். எனக்கு உன் கால் நீளம், கை நீளம், தோள் அகலம், இடுப்பிலிருந்து கழுத்து வரை எல்லாம் வேண்டும். நேரில் வந்தால் நானே எடுப்பேன். வரமாட்டாய் என்று தெரியும். மச்சானை எடுக்கச் சொல். சுவரோரம் வெறுங்காலோடு நின்று, கால் இடுக்கில் கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றை நன்றாக மேலே ஏற்றி வைத்து, தரையிலிருந்து அளக்க வேண்டும்.

அன்புத் தம்பி
ஜெயக்கொடி

கோச்சடை
15.9.2024

தம்பிக்கு,

ஊறுகாய் நான் கேட்கவில்லை. உன் கற்பனை.

அளவு எடுத்தாயிற்று. இனி ஜென்மத்துக்கும் எடுக்க மாட்டேன். உன் மச்சான் முப்பது வருஷமாக வீடு கட்டுகிறவர் இல்லையா, அட்டைப் புத்தகமெல்லாம் நம்ப முடியாது என்று சொல்லிவிட்டார். சைட்டிலிருந்து ரசமட்டத்தைக் கொண்டுவந்து கால் இடுக்கில் வைத்து, கண்ணாடிக் குழாயில் குமிழி நடுவே வரும் வரைக்கும் என்னை ஆட்டிப் படைத்தார். "இடது பக்கம் தாழ்ந்திருக்கு, நிமிந்து நில்லு. நீ நிக்கிற லட்சணத்துக்குக் கட்டடம் கட்டினா மறுநாளே விழுந்துரும்" என்று திட்டு வேறு. தோளுக்குத் தூக்குக்குண்டு கட்டித் தொங்கவிட்டார். எதிர் வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன தாமரை, மாடி எழுப்பப் போறீகளா?" என்றது.

கால் இரண்டடி ஐந்து அங்குலம் மூன்று நூல். மற்றதெல்லாம் பின்பக்கம். எல்லாம் அடி, அங்குலம், நூல் கணக்கு. சென்டிமீட்டர் வேண்டுமென்றால் நீயே மாற்றிக்கொள். அந்த மனுஷனுக்கு அது தெரியாது.

ஆனால் ஒரு விஷயம். உண்மையிலேயே என் இடது தோள் வலதைவிடத் தாழ்வாம். நாற்பத்தாறு வயதில் இப்போதுதான் எனக்குத் தெரிகிறது.

இந்தத் தடவை 'அன்புள்ள' போடலாமா என்று பேனாவை எடுத்தேன். ஊறுகாய் ஞாபகம் வந்தது, போடவில்லை.

தாமரைச்செல்வி

செல்லூர்
29.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

பிரேம் வந்துவிட்டது! பெட்டியைப் பிரிக்கும்போது தறிக்காரர்கள் பூராவும் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். நீ கேட்ட மயில்கழுத்து நிறம். மச்சானுடைய நூல் கணக்கு அச்சுப் பிசகவில்லை. பெங்களூர்க்காரன் போனில், "யார் சார் அளவு எடுத்தது? இவ்வளவு துல்லியமா யாருமே அனுப்புனதில்லை" என்றான். "எங்க மச்சான், கொத்தனார்" என்றேன்.

சக்கரம் இரண்டையும் நானே கட்டினேன். முன்சக்கரத்தின் நடுவே டைனமோ இருக்கிற ஹப். சக்கரம் சுற்றினால் விளக்கு எரியும், ராத்திரி பேட்டரி தீர்ந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். ஸ்போக்கை முறுக்கும்போது ஒவ்வொன்றையும் சுண்டி, ஓசை ஒன்றுபோல இருக்கிறதா என்று காதால் கேட்கணும். செல்லூரில் அது நடக்குமா? காலையிலிருந்து தறி கடகடவென்று அடித்துக்கொண்டே இருக்கும். அதனால் மாசாந்திரக் கரண்ட் கட் நாளுக்காகக் காத்திருந்தேன். அன்றைக்குத் தறியெல்லாம் நின்றதும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். முத்துப்பேச்சி சாப்பாட்டுக்குக் கூப்பிட்டதற்கு "உஷ்" என்று அதட்டியதால் ரெண்டு நாள் அவளும் என்னோடு பேசவில்லை. ஒரே சமயத்தில் ரெண்டு பொம்பளைகள் பேசாமல் இருந்தால் மனுஷன் எங்கே போவான்?

இப்போது சண்டைக்கு வா. பின்னால் பெரிய பல்சக்கரம் வேண்டும் என்று மச்சானிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாய். கன்னியாகுமரி ரோடு தட்டை அக்கா. மலை ஏறுகிறவனுக்குத்தான் அது. வீண் பாரம்.

இத்தோடு மூன்று சீட் அனுப்பியிருக்கிறேன். பழைய வண்டியில் ஒவ்வொன்றாகப் போட்டு ஓட்டிப் பார். எது ஒத்துவருகிறது என்று சொல்.

உன் தம்பி
ஜெயக்கொடி

கோச்சடை
10.12.2024

தம்பிக்கு,

முதல் சீட்: இது சீட்டா அரிவாள்மணையா? திருமங்கலம் தாண்டவில்லை.

இரண்டாவது: பஞ்சு மெத்தை மாதிரி இருந்தது. போகும்போது சுகம், திரும்பும்போது நரகம்.

மூன்றாவது, அந்தத் தோல் சீட்: வாடிப்பட்டி போய் வந்தேன். இறங்கின பிறகுதான் சீட் என்று ஒன்று இருந்ததே ஞாபகம் வந்தது. அதுதான்.

தட்டை ரோடு என்று எழுதியிருக்கிறாயே, நீ அந்த ரோட்டில் காரில்தானே போயிருக்கிறாய். திரும்பி வரும்போது முப்பந்தலில் கரண்ட் எடுக்கிற காற்றாடிகள் சும்மாவா நிற்கின்றன? எதிர்க்காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். காற்றுக்குப் பள்ளம் மேடு கிடையாது, இறக்கமே இல்லாத மலை அது. எனக்குப் பெரிய பல்சக்கரம்தான் வேண்டும். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசாதே.

ஹேண்டில்பாரில் சுற்றும் டேப் மாம்பழ மஞ்சள். கறுப்புதான் அழுக்குத் தெரியாது என்று நீ சொல்வாய். நாற்பது மணி நேரம் நான் பார்த்துக்கொண்டே போகப்போவது அதைத்தான்.

கரண்ட் கட் நாளில் சக்கரம் கட்டினதைப் படித்தேன். இரண்டு தடவை படித்தேன். அவ்வளவுதான் சொல்வேன்.

தாமரைச்செல்வி

செல்லூர்
6.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று நீ கடைக்கு வந்துவிட்டுப் போனதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

வந்தாய், உட்கார்ந்தாய், வாயைத் திறக்கவில்லை. நீ மச்சான் காதில் சொல்ல, மச்சான் தறிச் சத்தத்தில் "என்னது?" என்று கத்த, நீ மறுபடி காதில் சொல்ல, அவர் என் பக்கம் திரும்பி, "கழுத்து வலிக்குதாம்" என்பார். நீ தலையைப் பலமாக ஆட்டுவாய். வலித்தது கழுத்து இல்லை, கைமுட்டி! நான் கழுத்துக்காக ஹேண்டில்பாரை ஏற்ற, நீ முறைக்க, அரை நாள் போய்விட்டது. கடைசியில் முத்துப்பேச்சிதான், "மதினி, வலிக்கிற எடத்தைத் தொட்டுக் காட்டுங்க, அது பேச்சுல சேராது" என்றாள். அந்த யோசனை நம் மூவருக்கும் வரவில்லை பார். அவள் கொடுத்த பருத்திப்பாலை மட்டும் ரெண்டு டம்ளர் குடித்தாய்.

ஹேண்டில்பாரைப் பிடிக்கிற ஸ்டெம்மை நீளம் குறைந்ததாக மாற்றினேன். ஒரு விரற்கடை உயர்த்தினேன். இடது தோள் தாழ்வு என்று நீ எழுதியதை வைத்து இடது பிரேக் பிடியை மட்டும் கொஞ்சம் உள்ளே திருப்பினேன். அப்புறம் ஸ்டாண்டில் நின்ற வண்டியில் ஏறி நீ மிதிக்கத் தொடங்கினாய். கொஞ்ச நேரத்தில் உன் தோள் ரெண்டும் இறங்கியது. கண்ணை மூடினாய். பத்து விரலையும் பியானோ வாசிக்கிறவள் மாதிரி ஒவ்வொன்றாகத் தூக்கித் தூக்கி ஆட்டினாய். அப்புறம் சிரித்தாய்.

என்னைப் பார்த்து இல்லை, தெரியும். ஆனாலும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஸ்பானரைத் தேடுகிற மாதிரி மேஜைக்கு அடியில் போய்விட்டேன். சிரிப்பு பேச்சில் சேருமா என்று பூசாரியிடம் கேட்டுச் சொல்.

பெரிய பல்சக்கரம் போட்டுவிட்டேன். மஞ்சள் டேப்பும் சுற்றியாயிற்று. பொங்கல் முடிந்ததும் வண்டி வீட்டுக்கு வரும்.

ஜெயக்கொடி

கோச்சடை
19.1.2025

அன்புள்ள தம்பிக்கு,

போட்டுவிட்டேன், பார்த்துக்கொள். இப்போது நான் சொல்லப்போகிற விஷயத்துக்கு அது தேவைப்படும்.

வண்டி ரொம்ப நன்றாக இருக்கிறது. தெருவில் ஒரு சுற்றுச் சுற்றி வந்ததற்கே எனக்கு வயது இருபது குறைந்தது. அந்தச் சந்தோஷத்தில், புது வண்டிக்குப் பூஜை போடாமல் ஓட்டலாமா என்று நேரே நம்ம கோவிலுக்கு ஓட்டிக்கொண்டு போனேன். பேயாண்டி பூசாரி மாலை போட்டார், டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். நான் கருப்பனிடம் வேண்டுவதற்குக் கண்ணை மூடினேன். அங்கேதான் தப்பு நடந்துவிட்டது.

கண்ணைத் திறந்து பார்த்தால் முன்னும் பின்னும் பிரேக் டிஸ்க் இரண்டிலும் சந்தனம் அப்பி, நடுவே குங்குமம், அதன் மேல் விளக்கெண்ணெய் தொட்டு வைத்திருக்கிறார். "சாமி, என்ன பண்ணீட்டீக!" என்றால், "பளபளன்னு தட்டு மாதிரி இருந்துச்சு தாயி. மத்த எடம் பூராம் கம்பியால்ல இருக்கு, பொட்டு எங்க வைக்கிறது?" என்கிறார். துணியால் துடைத்துவிட்டுப் போதும் என்று கிளம்பினேன். கண்மாய்க் கரை இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தேன். மயில் மாதிரி ஒரு அலறல், நிற்கமாட்டேன் என்கிறது. கீழே வைக்கோல் போர் இருந்ததோ நான் பிழைத்தேனோ. உள்ளே போய்ச் சொருகி நின்றேன். எனக்கும் வண்டிக்கும் ஒரு கீறல் இல்லை. வைக்கோல்காரர் மட்டும், "ஏத்தா, பொங்கலுக்கு மாடுதான் வரும், சைக்கிளுமா வருது?" என்று கேட்டார்.

ரைடுக்கு இரண்டு வாரம்கூட இல்லை. திட்டு, ஆனால் சரிசெய்து கொடு. உன் மச்சானிடம் வண்டியை அனுப்பியிருக்கிறேன்.

அன்புடன்
அக்கா

செல்லூர்
24.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

திட்டலாம் என்று உட்கார்ந்தேன். 'அன்புள்ள தம்பி' என்று பார்த்ததும் எல்லாம் மறந்துபோச்சு. நாலு மாசத்தில் முதல் தடவை!

பிரேக் பேட் எல்லாம் எண்ணெய் குடித்துவிட்டது, தூக்கி எறிந்துவிட்டுப் புதுசு போட்டேன். டிஸ்க்கை ஸ்பிரிட்டால் துடைத்து, உப்புத்தாள் போட்டு, மறுபடி துடைத்து, செல்லூர் மேம்பாலத்தில் ஏறி இறங்கிப் பழக்கிவிட்டேன். இப்போது சத்தமில்லாமல் நிற்கிறது. பூசாரி மனசு நோகக்கூடாது என்று ஹேண்டில்பாருக்குக் கீழே பிரேமின் நெற்றியில் நானே ஒரு சந்தனப் பொட்டு வைத்திருக்கிறேன். இனி எவன் கேட்டாலும் அதைக் காட்டு.

இன்னொன்று செய்திருக்கிறேன், கவனமாகப் படி. முத்துப்பேச்சியின் சிவப்பு நெயில் பாலிஷை எடுத்து முக்கியமான ஒவ்வொரு போல்ட்டிலும் ஒரு கோடு இழுத்திருக்கிறேன். பாதிக் கோடு போல்ட்டின் மேல், பாதி பிரேமின் மேல். சக்கரத்தைப் பிடிக்கிற அச்சுகளிலும் உண்டு. முறுக்கு சரியாக இருந்தால் ரெண்டு பாதியும் சேர்ந்து ஒரே கோடாகத் தெரியும். தள்ளித் தெரிந்தால் லூஸ். ரெண்டாம் நாள் தூக்கக் கலக்கத்தில் கையை நம்பாதே, கோட்டைப் பார். தன் பாலிஷ் பாட்டில் காலியான கோபத்தில் முத்துப்பேச்சி உன்னிடம் ஒரு சேலை கேட்கச் சொன்னாள்.

டயர் அகலமானதுதான், ஆனாலும் சாத்தூர்ப் பக்கம் கருவேல முள் ரோட்டிலேயே கிடக்கும். டியூப் மூன்று வைத்துக்கொள்.

என்னைப் பற்றிப் பயப்படாதே. கார்ச் சாவியை மச்சானிடம் கொடுத்துவிட்டேன். நான் கேட்டாலும் தரக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.

ஜெயக்கொடி

கோச்சடை
31.1.2025

அன்புள்ள தம்பிக்கு,

காலையில் கிளம்புகிறேன். சாவி உன் மச்சான் இடுப்பில்தான் இருக்கிறது, பார்த்தேன்.

கோடெல்லாம் தடவிப் பார்த்தேன். ஒன்றாகத்தான் இருக்கின்றன.

சாத்தூருக்கு வராதே. ஊரே வந்தாலும் நீ வராதே. உன்னைப் பார்த்தால் எனக்குப் பசிக்கும்.

அக்கா

செல்லூர்
4.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

தொண்டை எப்படி இருக்கிறது? சத்தியம் முடிந்து வாய்நிறையப் பேசலாம் என்று பார்த்தால், ரெண்டு நாள் லாரிப் புழுதியும் ராத்திரிக் குளிர்க்காற்றும் குடித்துக் குரலே போய்விட்டது என்று மச்சான் சொன்னார். டாக்டர் ஒரு வாரம் பேசக்கூடாது என்றாராமே. கருப்பனுக்கு நம் கடிதம் பிடித்துப்போயிற்று போல.

உன்னிடம் ஒரு விஷயம் சொல்லவேண்டும். நீ திட்ட முடியாத வாரத்தில் சொல்லிவிடுவதுதான் புத்தி. நான் சாத்தூருக்கு வந்தேன்.

சாவிதான் கொடுத்தேன், பஸ் ஓடுகிறதே. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாலம் தாண்டி டீக்கடை ஓரத்தில் இறங்கி நின்றேன். கையில் ஒன்றும் இல்லை. போகிற வேகத்தில் ஒரு தடவை பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று மட்டும்தான் நினைத்தேன். நீ வந்தாய். எனக்குக் கொஞ்சம் முன்னால் பின்சக்கரம் உட்கார்ந்துவிட்டது. இறங்கி முள்ளைப் பிடுங்கினாய், டியூபை மாற்றினாய், காற்றடித்தாய். அச்சை உள்ளே விட்டு ரெண்டு சுற்றுச் சுற்றி, அப்படியே விட்டுவிட்டு ஏறப்போனாய்.

முறுக்கவில்லை அக்கா! அது எனக்கு அங்கிருந்தே தெரிந்தது. ஒரு சொல் சொன்னால் உதவி, ரைடு செல்லாது. சொல்லாவிட்டால் நீ விழுவாய். டீக்கடையில் தண்ணீரை எடுத்து வாய் நிறைய ஊற்றிக்கொண்டேன், கத்திவிடக்கூடாதே என்று. கன்னம் ரெண்டும் உப்பிக்கொண்டு, கையை முதுகுக்குப் பின்னால் பிணைத்துக்கொண்டு நின்றேன். கடைக்காரர், "என்னண்ணே, பல்லு வலியா?" என்றார். தலையாட்டினேன். நீ விழுந்தால் ஓடி வந்து தூக்குவேன், ரைடு நாசமாய்ப் போகட்டும், ஆயுசு முழுக்கப் பேசாவிட்டாலும் போகட்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

அப்போது ஒரு காலைத் தூக்கினவள் நின்றாய். குனிந்தாய். விரலால் தடவினாய். திரும்ப இறங்கி, பையிலிருந்து போல்ட் சாவியை எடுத்து முறுக்கினாய். கோட்டைத்தான் பார்த்தாய், இல்லையா? அந்தத் தண்ணீரை எப்போது விழுங்கினேன் என்று எனக்குத் தெரியாது. நீ என்னைத் தாண்டும்போது முகத்தைக் காட்டக்கூடாது என்று முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டேன்.

அப்புறம் பஸ் பிடித்து பைபாஸ் ரோட்டில் அருள்பாண்டி போட்டிருந்த பந்தலுக்கு வந்தேன். மச்சானும் முத்துப்பேச்சியும் அங்கே இருந்தார்கள். நீ எட்டரை மணி போல வந்தாய். அருள்பாண்டி உன் முத்திரைக் கார்டை வாங்கி, நேரம் எழுதி, கையெழுத்துப் போட்டு, "முடிச்சுட்டீங்கக்கா, செல்லும்க்கா" என்று உன் கையைப் பிடித்துக் குலுக்குகிற வரைக்கும் நான் கிட்டவே வரவில்லை. அப்புறம் வந்து உன் எதிரே நின்றேன். ஒரு வருஷம் கழித்து அக்கா என்ன சொல்லப்போகிறாள் என்று உன் வாயையே பார்த்தேன்.

"தயிர்சாதம் எங்கடா?"

அரைகுறைக் குரலில் அதைத்தான் கேட்டாய். அதோடு குரல் போய்விட்டது. நாங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். மாலை இருக்கிறது, அல்வா இருக்கிறது, மச்சான் பட்டாசு வைத்திருக்கிறார். தயிர்சாதம் மட்டும் இல்லை. போன வருஷம் பட்ட பாட்டுக்கு அந்தப் பெயரையே எவன் எடுப்பான்? நீ தரையில் உட்கார்ந்து சத்தமே வராமல் சிரித்தாய். நானும் உட்கார்ந்துவிட்டேன்.

இத்தோடு தூக்குவாளி வருகிறது. முத்துப்பேச்சி காலையிலேயே பிசைந்து, மாதுளை முத்துப் போட்டு வைத்தாள். இப்போது ரூல்ஸ் ஒன்றும் இல்லை. நன்றாகச் சாப்பிடு.

ஜெயக்கொடி

கோச்சடை
5.2.2025

அன்புள்ள தம்பிக்கு,

இன்றைக்கு வேலைக்குப் போனேன். வாயைத் திறக்காமலே வேலை பார்த்தேன். முதலில் வந்தது ஒரு பாட்டையா. கையெல்லாம் எலும்பு, நரம்பு எங்கே இருக்கிறதென்று கடவுளுக்குத்தான் தெரியும். விரலை வைத்தேன், முதல் தொடுகையிலேயே அகப்பட்டது. பத்து விரலும் உயிரோடு இருக்கின்றன. பாட்டையா, "குத்துனதே தெரியல தாயி" என்றார். உன் ஸ்டெம்முக்கும் பிரேக் பிடிக்கும் அந்தப் பெயரைச் சேர்த்துக்கொள்.

சாத்தூரில் நீ நின்றதை நான் பார்க்கவில்லை என்றா நினைத்தாய்? ஏறி மிதித்துக் கொஞ்ச தூரம் வந்ததும் பார்த்தேன். டீக்கடைப் புளியமரத்தோரம் ஒரு முதுகு. அந்தக் கட்டம் போட்ட சட்டையை வாங்கிக் கொடுத்ததே நான்தானே. என் தம்பிக்குக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வராது. சின்ன வயதில் நான் விளையாட்டில் தோற்றால்கூட நடுவே வந்து ஆட்டத்தைக் கலைக்கிறவன் நீ. அப்படிப்பட்டவன் திரும்பி நிற்கிறான் என்றதும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. விருதுநகர் வரைக்கும் அழுதுகொண்டேதான் மிதித்தேன். எண்பது கிலோமீட்டரும் கால் வலிக்கவே இல்லை. முப்பந்தலில் அந்தப் பெரிய பல்சக்கரம் இல்லாவிட்டால் அங்கேயே படுத்திருப்பேன், அதையும் எழுதிவைக்கிறேன்.

கோட்டைத்தான் பார்த்தேன். அச்சில் சிவப்பு ரெண்டாகத் தெரிந்தது. முத்துப்பேச்சிக்கு ஒரு சேலை இல்லை, இரண்டு.

வெள்ளிக்கிழமை கருப்பு கோவிலுக்கு நீயும் முத்துப்பேச்சியும் வரவேண்டும். சத்தியம் முடிந்ததற்குப் பொங்கல் வைக்கிறேன். பேயாண்டி பூசாரி கையில் சந்தனக் கிண்ணம் இருந்தால் வண்டிக்குக் கிட்டே போகவிடாமல் மறித்து நிற்பது உன் வேலை. அடுத்த வருஷம் ஆயிரம் கிலோமீட்டர் ரைடு ஒன்று நடத்தப்போகிறார்களாம். அதை அங்கே வைத்துப் பேசலாம்.

தூக்குவாளி வந்தது. மூடியைத் திறந்ததுமே உன் மச்சான் கரண்டியோடு வந்துவிட்டார். அவரைத் துரத்திவிட்டு நான் ஒருத்தியே உட்கார்ந்து அடி வரைக்கும் வழித்துத் தின்றேன். முத்துப்பேச்சி கை தேன். எல்லாம் சரிதான்.

ஊறுகாய் எங்கடா?

அக்கா